கிஃப்ட் கார்டு பாதி, கைக்காசு பாதி: துணியைத் திருப்பினால் பணம் எப்படி வரும்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

திருநெல்வேலி டவுனில், ரத வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் 11 வருஷம் பில் போட்டேன். அந்த வேலையை விட்டு நாளாகிவிட்டது. ஆனாலும் தீபாவளி முடிந்த வாரமும், தை, ஆவணி முகூர்த்தங்கள் கழிந்த வாரமும் என் போன் ஓயாது. “கார்டுல பாதி, ஜிபேல பாதி கொடுத்து எடுத்தோம். இப்போ சேலையைத் திருப்பிக் கொடுத்தா காசைக் கையில தரமாட்டேங்கான், இது நியாயமா?” என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகளும், நான் சொன்ன பதில்களும் இவை.

சுருக்கமாகச் சொல்லுங்கள், என் பணம் எப்படித் திரும்பும்?

வந்த வழியே போகும். கார்டில் கழிந்தது கார்டுக்கு, யுபிஐயில் போனது அதே வங்கிக் கணக்குக்கு, ரொக்கமாகக் கொடுத்தது ரொக்கமாக. 3,000 ரூபாய்க்கு எடுத்து, 1,000 கார்டிலும் 2,000 யுபிஐயிலும் கட்டியிருந்தால், எல்லாவற்றையும் திருப்பும்போது அதே 1,000, அதே 2,000. இதில் சண்டைக்கு இடமில்லை. எடுத்ததில் ஒன்றை மட்டும் திருப்பும்போதுதான் வம்பு. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை. கடை திருப்பி எடுத்தே ஆகவேண்டுமா?

இல்லை. பலருக்கு இதைச் சொன்னால் கோபம் வரும். பொருளில் குறை இல்லாமல், மனசு மாறியதற்காகத் திருப்பித் தரும் உரிமை நம் சட்டத்தில் கிடையாது. அப்படி எடுத்துக்கொள்வது கடையின் வழக்கம். 7 நாள், டேக் கிழியக் கூடாது, பில் வேண்டும், பணம் கிடையாது எக்ஸ்சேஞ்ச் மட்டும் என்றெல்லாம் அவர்கள் வைத்ததுதான் விதி. உள்ளாடை, வெட்டிய துணி, ஓரம் அடித்த சேலை என்றால் வாசலிலேயே முடியாது என்பார்கள்.

குறை இருந்தால் கதை வேறு. சாயம் போகிறது, ஜரிகை பிரிகிறது, முந்தானையில் கிழிசல் என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பதை அந்தச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் இத்தனை நாள் என்று போட்டிருந்தால் அதற்குள் கேட்கவேண்டும். எதுவும் போடவில்லை என்றால் 30 நாள்.

பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்திருக்கிறார்களே?

அச்சடிக்கட்டும். பழுதான பொருளுக்கு அது செல்லாது. பில்லே தராமல் விடுவதும் அதே சட்டப்படி நியாயமற்ற நடைமுறைதான். ‘துண்டுச் சீட்டு போதும்’ என்று விட்டுவிடாதீர்கள்.

கார்டில் கட்டிய பங்கை ஏன் ரொக்கமாகத் தரமாட்டேன் என்கிறார்கள்? எல்லாம் ஒரே பணம்தானே?

உங்களுக்கு ஒரே பணம். கல்லாவுக்கு அல்ல. கடை தானே விற்கும் கார்டு, அந்தக் கடையில் பொருள் வாங்க மட்டும் என்று கொடுப்பது. ரிசர்வ் வங்கியின் விதிகளில் இந்த வகைக் கார்டில் பணமாக எடுக்க இடமே இல்லை. கார்டில் சட்டை எடுத்து, மறுநாள் திருப்பி, ரொக்கம் வாங்கிக்கொள்ளலாம் என்றால் கார்டையே காசாக்கியது போலத்தானே? அந்தக் கதவைத்தான் அடைத்து வைக்கிறார்கள்.

கடைக்காரருக்குச் சொந்தக் காரணமும் உண்டு. கம்பெனிகள் தீபாவளிக்கு மொத்தமாகக் கார்டு வாங்கும்போது விலையில் கொஞ்சம் கழித்துக் கொடுப்பது உண்டு. கங்கைகொண்டான் சிப்காட் பக்கம் வேலை பார்க்கும் பையன்கள் போனஸோடு வாங்கி வந்து நீட்டும் கார்டு இந்த ரகம். 1,000 ரூபாய்க் கார்டுக்குக் கடைக்கு 1,000 முழுதாக வந்திருக்காது. அதற்கு 1,000 ரொக்கம் கொடுத்தால் கடைக்கு நஷ்டம்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். களக்காட்டிலிருந்து ஒரு அண்ணாச்சி 900 ரூபாய்ச் சட்டையைத் திருப்ப வந்தார். ஐப்பசிக் கூட்டம், கவுன்டரில் மூச்சு விட நேரமில்லை. 900 ரூபாயைக் கல்லாவிலிருந்து எண்ணிக் கொடுத்துவிட்டேன். ராத்திரி கணக்கு முடிக்கையில்தான் தெரிந்தது, அவர் கார்டில் 700, கையில் 200 என்று கட்டியிருந்தார். அந்த 700 என் சம்பளத்தில் பிடிபட்டது. அண்ணாச்சி மேல் தப்பே இல்லை, அவர் கேட்கக்கூட இல்லை.

ஒன்றை மட்டும் திருப்புகிறேன். எந்தப் பங்கு கார்டுக்கு, எந்தப் பங்கு கைக்கு?

இதுதான் கேள்வி. கணக்காகவே பார்ப்போம். சேலை 1,800, சுடிதார் 1,500, பேன்ட் சட்டை 2,100. மொத்தம் 5,400. கார்டில் 2,000, யுபிஐயில் 3,400 கட்டினீர்கள். வீட்டுக்குப் போனதும் மதினிக்குச் சேலை பிடிக்கவில்லை. 1,800 திரும்பவேண்டும்.

கார்டை முதலில் நிரப்பும் கடை, 1,800 முழுவதையும் கார்டுக்கு அனுப்பும். உங்கள் வங்கிக் கணக்குக்கு ஒரு ரூபாய் வராது. பங்கு பிரிக்கும் கடையில் 5,400-இல் 1,800 மூன்றில் ஒரு பங்கு என்பதால் கார்டுக்கு 2,000-இல் மூன்றில் ஒரு பங்கு 667, யுபிஐக்கு 1,133. கைக்காசை முதலில் தரும் கடை என்றால் 1,800-உம் வங்கிக்கே வந்துவிடும். மூன்றாவது ரகத்தை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

எது சட்டப்படி சரி என்று கேட்டால், ஒரு பகுதியைத் திருப்பும்போது இந்த வரிசையில்தான் பிரிக்கவேண்டும் என்று நுகர்வோர் சட்டம் சொல்லவில்லை. கடையின் விதிதான். எனக்கு நியாயமாகப் படுவது பங்கு பிரிப்பதுதான். கார்டை முதலில் நிரப்பினால் பணம் கடைக்குள்ளேயே தங்கிவிடுகிறது, மறுபடி நாம் அங்கேதான் போகவேண்டும். நான் பில் போட்ட கடையிலும் கார்டைத்தான் முதலில் நிரப்பினோம், மறைக்க என்ன இருக்கிறது.

ஆனால் எந்தக் கடையும் தாண்டக் கூடாத ஒரு கோடு உண்டு. கார்டில் கழிந்த தொகைக்கு மேல் கார்டுக்கு அனுப்பக் கூடாது. மேலே சொன்ன பில்லில் சேலை, சுடிதார் இரண்டையும் திருப்பினால் 3,300. கார்டில் கழிந்ததே 2,000-தான். மீதி 1,300 யுபிஐக்குத்தான் வரவேண்டும். ‘எல்லாத்தையும் கார்டுலயே ஏத்திட்டேன் சார்’ என்று பையன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் ரொக்கத்தை உங்களைக் கேட்காமல் கார்டாக மாற்றுவது. அவசரத்தில் நடப்பதுதான், மேனேஜரிடம் பில்லைக் காட்டினால் பெரும்பாலும் திருத்திவிடுவார்கள்.

இந்த வம்பே வராமல் இருக்க வழி உண்டா?

உண்டு. இரண்டு பில் போடச் சொல்லுங்கள். லுங்கி, துண்டு, பெட்ஷீட், பாவாடைத் துணி என்று எப்படியும் திருப்பப் போகாத சாமானைக் கார்டுப் பில்லில் போடுங்கள். அளவு சந்தேகம், நிறம் சந்தேகம், அடுத்தவருக்கு எடுத்தது எல்லாம் யுபிஐ பில்லில். நான் பழகியவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கவுன்டரில் இருப்பவர் கொஞ்சம் முகம் சுளிப்பார், போட்டுத்தான் கொடுப்பார்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘5,000-க்கு மேல் எடுத்தால் இவ்வளவு தள்ளுபடி’ என்று ஆடியில் போர்டு வைத்திருந்தால், பில்லை இரண்டாக உடைத்ததில் அந்தத் தள்ளுபடி போய்விடக்கூடும். அப்போது எது பெரிது என்று நீங்களே கணக்குப் பார்க்கவேண்டும்.

கார்டில் பேலன்ஸ் தீர்ந்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிட்டேன்.

வீரவநல்லூர்ச் சித்தி ஒருத்தி இதைத்தான் செய்தாள். காலிக் கார்டு எதற்கு என்று பேரனுக்கு விளையாடக் கொடுத்துவிட்டாள். அவன் அதை எங்கே போட்டானோ. நாலாம் நாள் சேலையைத் திருப்ப வந்தால், திரும்பும் பணம் போய் உட்கார அந்தக் கார்டு வேண்டும் என்கிறது கடை.

பயப்படாதீர்கள். பில்லில் கார்டு எண்ணின் கடைசி நாலு இலக்கம் இருக்கும். எஸ்.எம்.எஸ்.ஸிலோ மெயிலிலோ வந்த கார்டு என்றால் அந்தச் செய்தியைத் தேடி எடுங்கள். கடையின் சிஸ்டத்தில் பழைய எண்ணைத் தேடி, அதை மூடிவிட்டுப் புதுக் கார்டு கொடுக்க முடியும். கேட்டால்தான் செய்வார்கள். சித்திக்கு அப்படித்தான் கிடைத்தது, ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. திருப்பும் நாள் கடக்கும்வரை காலிக் கார்டையும் பில்லையும் ஒன்றாக வைத்திருங்கள்.

பணம் திரும்பி வந்தபோது கார்டின் காலாவதி தேதி முடிந்துவிட்டது. இப்போது?

முதலில் அது யார் கொடுத்த கார்டு என்று பாருங்கள். வங்கியோ ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற நிறுவனமோ கொடுத்து, பல கடைகளில் கார்டு மெஷினில் தேய்க்கக்கூடியது ஒரு ரகம். இதற்கு 2021-இல் ரிசர்வ் வங்கி தொகுத்த விதிகள் பொருந்தும்: ஒரு கார்டில் அதிகபட்சம் 10,000 ரூபாய், குறைந்தது ஒரு வருஷ ஆயுள், மறுபடி பணம் ஏற்ற முடியாது. திருப்பிய பொருளுக்கான பணம், அந்தக் கார்டில் கழிந்த அளவுக்கு அதற்கே உடனே திரும்பவேண்டும் என்பதும் அந்த விதிகளில் உண்டு.

கடை தன் பெயரில் தன் கிளைகளுக்கு மட்டும் கொடுத்த கார்டு இன்னொரு ரகம். அதற்கு இந்த ஒரு வருஷக் கணக்கு பொருந்தாது. ஆறு மாசம் என்று கடை போட்டால் ஆறு மாசம்தான். காலாவதியான கார்டுக்குப் பணத்தை அனுப்பிவிட்டு ‘வந்துவிட்டதே’ என்று சொல்வது என் கணக்கில் திருப்பித் தந்ததாகாது. புதுத் தேதி போட்ட கார்டு கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். பொருளைத் திருப்பும் அன்றே கார்டின் தேதியைப் பார்த்துவிடுவது இன்னும் நல்லது.

டிஸ்கவுன்ட் கூப்பனும் இதே மாதிரிதானா?

இல்லை. கூப்பன் யாரும் காசு கொடுத்து வாங்கியதல்ல. 1,000 ரூபாய்ச் சட்டைக்கு 200 ரூபாய்க் கூப்பன் கொடுத்து 800 கட்டினால், திரும்புவது 800-தான். அந்த 200 ரூபாய்க் கூப்பன் பெரும்பாலும் செத்ததுதான். ‘ரெண்டு எடுத்தால் ஒன்று இலவசம்’ என்பதில் ஒன்றை மட்டும் திருப்பினாலும் டேக்கில் இருக்கிற விலையைத் தரமாட்டார்கள், மூன்றுக்கும் பிரித்துக் கணக்குப் போடுவார்கள்.

பணத்துக்குப் பதிலாக கிரெடிட் நோட் (அந்தத் தொகைக்கு அதே கடையில் பிறகு பொருள் எடுத்துக்கொள்ளும் சீட்டு) தருகிறார்கள். வாங்கலாமா?

மனசு மாறித் திருப்பினால், கடையின் விதி அதுதான் என்றால், வாங்கித்தான் ஆகவேண்டும். ஆனால் யுபிஐயில் கட்டிய பங்கையும் சேர்த்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படி இருந்தால், விதியை எந்தப் போர்டில், எந்தப் பில்லில் முன்பே சொன்னீர்கள் என்று கேளுங்கள். குறையுள்ள பொருளுக்குக் கிரெடிட் நோட் மட்டும் என்றால் ஒத்துக்கொள்ளத் தேவையில்லை. சட்டம் பணத்தைத் தரச் சொல்கிறது.

அம்பாசமுத்திரத்திலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ பஸ் ஏறி வந்து 400 ரூபாய்க் கிரெடிட் நோட்டைப் பயன்படுத்த மறுபடி டவுனுக்கு வரவேண்டுமா என்றும் யோசியுங்கள். அப்போதே ஒரு துண்டோ, பிள்ளைக்கு ஒரு டிரவுசரோ எடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போவது சில சமயம் லாபம்.

கல்யாணத்துக்கு வந்த கார்டு. கொடுத்தவர் பெயரில் திரும்பிவிடுமா?

இல்லை. பொருளைத் திருப்புபவர் கையில் இருக்கும் அந்தக் கார்டுக்கே போகும். கொடுத்தவருக்குத் தகவல்கூடப் போகாது, ஆகவே மாமா எடுத்துக் கொடுத்த கார்டில் வாங்கிய பட்டுச் சேலையை மாற்றினால் மாமாவுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். இப்போதெல்லாம் மொய்க் கவருக்குள் கார்டு வைப்பதும் உண்டு. மொய் எழுதுபவர் அதை 500 என்று எழுதுவதா, கார்டு என்று எழுதுவதா என்று தலையைச் சொறிவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டையும் எழுதிவிடுவது நல்லது. திருப்பிச் செய்யும் நாளில் நினைவிருக்கும்.

பாளையங்கோட்டைக் கிளையில் எடுத்தது, டவுன் கிளையில் திருப்பலாமா?

கடையைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பொருளை எங்கும் எடுப்பார்கள், ரொக்கப் பங்கை மட்டும் எடுத்த கிளையில்தான் தருவார்கள் என்பதும் உண்டு. கிளம்பும் முன் ஒரு போன் போடுங்கள்.

கார்டில் கழிந்துவிட்டது, யுபிஐயிலும் போய்விட்டது, ஆனால் பில் வரவில்லை!

நெட் தொங்கும் சாயங்கால நேரத்தில் இது சகஜம். இது ரீஃபண்ட் அல்ல, தோல்வியடைந்த பரிவர்த்தனை. கடைக்குப் போய்ச் சேராமல் உங்கள் கணக்கில் மட்டும் கழிந்த யுபிஐ பணம், நடந்த நாளுக்குப் பிறகு 5 நாளுக்குள் தானாகத் திரும்பவேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி உங்களுக்குத் தரவேண்டும் என்று 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கடையின் சொந்தக் கார்டில் கழிந்தது என்றால் வங்கிக்கு அதில் வேலையில்லை. கவுன்டரை விட்டு நகராமல், பேலன்ஸைத் திரும்ப ஏற்றச் சொல்லி, மறுபடி பேலன்ஸ் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆன்லைனில் கார்டு பாதி, யுபிஐ பாதி கட்டினேன்.

கதை ஒன்றுதான், மனுஷன் முகம் மட்டும் இல்லை. கார்டுப் பங்கு செயலியின் வாலெட்டுக்குச் சீக்கிரம் வந்துவிடும், வங்கிப் பங்குக்குச் சில நாள் பிடிக்கும். முன்னதை மட்டும் பார்த்துவிட்டு ‘பாதிதான் வந்தது’ என்று பதற வேண்டாம். படத்தில் காட்டியது ஒன்று, வந்தது ஒன்று என்றால் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகார் கொடுத்தால் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் வரவேண்டும், ஒரு மாசத்துக்குள் தீர்வு வரவேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘ரீஃபண்ட் அனுப்புகிறோம், கார்டின் பின் நம்பரையும் ஓடிபியையும் சொல்லுங்கள்’ என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். பணம் உள்ளே வர ஓடிபி தேவையில்லை.

கடை மசியவில்லை. யாரிடம் போவது?

முதலில் மேனேஜர். வாயால் மட்டும் பேசாமல் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ பில் படத்தோடு அனுப்புங்கள். அப்புறம் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். வங்கி கொடுத்த கார்டு என்றால் முதலில் அந்த வங்கிக்குப் புகார் எழுதி, 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்.

அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள் போடவேண்டும்.

667 ரூபாய்க்கு இவ்வளவு தூரம் போகவேண்டுமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் போகவேண்டியிருக்காது. 1915-க்குச் சொல்லப் போகிறேன் என்று எழுதி அனுப்பியதுமே, அதுவரை ‘சிஸ்டத்துல ஆப்ஷனே இல்ல’ என்ற கவுன்டரில் திடீரென்று ஆப்ஷன் வந்ததை நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.